நேராத்தான் வந்தனான்

இன்று காலை பக்கத்து வளவு வாத்தியார் படலையடியில் வந்து நின்று, "அண்ணை, பழைய எக்ஸ்ரே படம் ஏதும் கிடக்குதோ? கிரகணம் பாக்க வேணும்" என்று கேட்டார். வெறுங்கண்ணால் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று வானொலியில் சொன்னார்களாம்.

அலுமாரியின் மேல்தட்டில், உமது கூறைச் சேலைக்கு அடியில், அந்த நீண்ட மண்ணிற உறை வைத்தபடியே கிடந்தது. முற்றத்தில் நின்று படத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். உமது இடது கால் தெரிந்தது. தொடையெலும்பு, அதன் கீழே வெள்ளைவெளேரென்று உலோகம், அதிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே கோடு. முழங்காலுக்குப் பின்னால் சூரியன் ஒரு ஓரத்தில் கரைந்துகொண்டிருந்தது.

"நல்ல நேரான கால்" என்றார் வாத்தியார். அது யாருடைய கால் என்று அவருக்குத் தெரியாது. நீர் போன பிறகுதான் அவர் மாற்றலாகி நெடுந்தீவுக்கு வந்தார். படத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். வெளிச்சம் மங்கி, கோழிகள் கூட்டுக்குத் திரும்புகின்றன. இந்த நேரத்தில் உமக்கு எழுதவேண்டும் போலிருக்கிறது.

நேராக்கிய இந்தக் காலோடு நீர் வாழ்ந்தது கொஞ்சக் காலம். கண்ணை மூடினால் எனக்கு வருவது வளைந்த கால்தான். ஐம்பத்தாறாம் ஆண்டு நமக்குக் கலியாணம் நடந்தபோது இருவருக்குமே வயது சற்றுக் கடந்திருந்தது. ஆனால் இந்தத் தீவில் உம்மைப்போல விரைந்து நடக்கும் பெண் அப்போது இல்லை. நான் தெற்கே காலி நகரில் சுருட்டுக்கடை வைத்திருந்தேன். தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டு ஓடும் வாழ்க்கை. வரும் ஒவ்வொரு முறையும் உமது முழங்கால்கள் முன்பைவிட வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. கடையைக் கொடுத்துவிட்டு நிரந்தரமாக வந்து சேர்ந்தபோது முழங்கால் நோ உம்மை முழுதாகப் பிடித்துவிட்டிருந்தது. அலையில் நிற்கும் வள்ளம்போல இரு பக்கமும் ஆடி ஆடி நடந்தீர். யாராவது பரிதாபமாகப் பார்த்தால் நீர்தான் முந்திக்கொள்வீர்: "என்ன பாக்கிறியள்? என்ர காலுக்கிடையால ஒரு ஆட்டுக்குட்டி ஓடும். தாய் ஆடும் பின்னால ஓடும்."

சிரித்துச் சொல்வீர். பிறகு குசினிக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்.

இலண்டனில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த உமது தம்பி எழுதினான்: "அக்காவை அனுப்புங்கோ அத்தான். இஞ்ச முழங்காலையே புதுசா வைக்கினம்." நீர் முதலில் நம்பவில்லை. நான் நம்பினேன், பயந்தேன். எழுபதுகளின் நடுவில், சோளகக் காற்று வீசும் ஒரு காலத்தில் நீர் தனியே விமானம் ஏறிப் போனீர். ஒரு கால்தான் செய்தார்கள். மற்றக் காலுக்குப் பிறகு வரச்சொல்லி அனுப்பினார்கள்.

நீர் திரும்பி வந்த நாள் மாவலித் துறையில் லோஞ்சிப் படகடியில் நின்றேன். இறங்கி வந்தவர்களுக்குள் ஆடி ஆடி நடக்கும் ஒரு உருவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து, சற்று உயரமாக, ஒரு பெண் என்னைக் கடந்து போனாள். வெளியூர் ஆள் என்று நினைத்து விலகி வழி விட்டேன். அவள் நின்று திரும்பினாள்.

"ஆளைத் தெரியேல்லையோ?"

அந்தக் குரல் உம்முடையது. முகமும் உம்முடையது. ஆனாலும் என் கை உமது பெட்டியை வாங்கத் தயங்கியது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. வீடு வரும்வரை உமக்குப் பின்னால் நடந்தேன். இடது காலை ஊன்றும்போதெல்லாம் முழங்காலுக்குள் ஏதோ 'டிக்' என்றது. சுவர்க்கடிகாரம் ஒன்று எனக்கு முன்னால் நடந்துபோவது போல.

நோ போய்விட்டது. அதை நான் மறைக்கக்கூடாது. கோயிலில் பூசை முடியும்வரை நின்றீர். லோஞ்சிப் படியில் யாருடைய கையும் பிடிக்காமல் ஏறினீர். தரையில் மட்டும் இருக்க ஏலாது. முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. குசினிக்குள் ஒரு கதிரை போட்டோம், துருவலையை மேசையில் பூட்டினோம். "மகாராணி மாதிரி இருந்து தேங்காய் துருவுறன்" என்றீர். வீட்டுக்குள் எல்லாம் நல்லபடிதான் நடந்தது. வெளியில்தான் அது தொடங்கியது.

தெற்கே உமது தங்கை வீட்டுக்கு நீர் போகும் வழி உமக்குத் தெரியாததா? கல்வேலிகள் முடிகிற இடத்தில் புல்வெளி. மரம் கிடையாது, மேடு கிடையாது, கட்டாக்காலிக் குதிரைகள் மட்டும் மேயும். அதைக் குறுக்கே கடந்தால் வீடு. காலையில் போன நீர் மத்தியானம் திரும்பி வந்தீர். தங்கை வீட்டுக்குப் போகவில்லை. சேலைக் கரையில் ஈர மணல்.

"எங்க போனீர்?"

"தெரியேல்லை அப்பா. மேற்குக் கரையில, ஒருத்தரும் போகாத இடத்தில போய் நிக்கிறன். கடல் காலடியில வந்தாப் பிறகுதான் கண்டனான்."

"வழி மாறிட்டீரோ?"

"இல்லை. நான் நேராத்தான் வந்தனான்."

அதை நீர் சொன்ன விதம் நினைவிருக்கிறது. சாட்சி சொல்வதுபோல் சொன்னீர்.

அடுத்த கிழமையும் அதே நடந்தது. அதற்கடுத்த முறையும் அதே இடம்தான். ஒருநாள் ஆடு மேய்க்கிற கிழவன் உம்மைக் கண்டு கூப்பிட்டிருக்கிறான். கண் திறந்தபடி, கைகளை வீசி, சந்தைக்குப் போகிறவள்போல அவனைத் தாண்டிப் போனீராம். ஊர் பேசத் தொடங்கியது. இரும்புக்கால் வெள்ளைக்காரனின் பிணத்திலிருந்து எடுத்தது என்றார்கள், அது தன் கடலைத் தேடுகிறது என்றார்கள். நீர் அதைக் கேட்டுச் சிரித்தீர். நான் சிரிக்கவில்லை.

ஊர்காவற்றுறையில் ஓய்வுபெற்ற எலும்பு வைத்தியர் ஒருவர் இருந்தார். லோஞ்சியும் பஸ்ஸுமாக உம்மைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உம்மை விறாந்தையில் போய் வரச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார். சில அடிகளிலேயே நீர் வலப்பக்கச் சுவரில் தட்டினீர்.

"கால் நேர், அம்மா" என்றார். "இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் ஒரே கோட்டில நிக்குது. இதைவிட நேரா வைக்க ஏலாது. ஆனா கனகாலம் வளைஞ்ச காலோட நடந்து உங்கட உடம்பு ஒரு நடையைப் பழகிப்போட்டுது. காலை ஒரு நாளில நேராக்கலாம். பழகின நடையை அப்பிடி மாத்த ஏலாது. மற்றக் கால் இன்னும் வளைஞ்சு கட்டையாக் கிடக்கு. அதுதான் வலப்பக்கம் இழுக்குது. அதையும் செய்திட்டால் எல்லாம் சரியாகும்."

எனக்கு மார்பிலிருந்து ஒரு கல் இறங்கியது. தெற்கே போகிறவள் வலப்பக்கம் சாய்ந்தால் மேற்குக் கரைக்குத்தானே போவாள்? இவ்வளவுதானா விசயம் என்றிருந்தது.

நீர்தான் கேட்டீர். "அப்ப வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வெளிக்கிட்டனான், ஐயா. கோயில் கிழக்க எல்லே. அப்பவும் அங்கதான் போய் நிண்டனான்."

எனக்கும் அதை அப்போதுதான் சொன்னீர். வைத்தியர் உம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படத்தை மெதுவாக உறைக்குள் போட்டார். "வலது செருப்பில ஒரு தோல் அட்டை மேலதிகமா வைச்சுத் தைப்பியுங்கோ" என்றார். "மதிலோரமா நடந்து பழகுங்கோ. வெளியில தனிய விடாதையுங்கோ."

புல்வெளியில் மதில் ஏது? நான்தான் மதிலானேன். உமக்கு வலப்பக்கத்தில், அரை அடி பின்னால், என் இடது தோள் உமது தோளில் உரச நடந்தேன். நீர் சாயும்போது தோளால் தாங்கித் திருப்புவேன். சில நாட்களில் பாரம் இலேசாக இருக்கும். சில நாட்களில், முக்கியமாக வாடை வீசத் தொடங்கிய பிறகு, யாரோ மறுபக்கத்தில் கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கும். நீர் அப்போதும் நாட்டு விலைவாசி பேசிக்கொண்டுதான் வருவீர்.

மார்கழியில் ஒரு மத்தியானம். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தவன் தலை துவட்டிவிட்டுப் பார்த்தேன், படலை திறந்து கிடந்தது. கல்வேலிகளுக்கிடையே ஓடினேன். புல்வெளியில் உம்மைக் கண்டேன். கூப்பிடவில்லை. எங்கே, எப்படிப் போகிறீர் என்று ஒருமுறை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பின்னால் நடந்தேன். உச்சி வெயில், நிழலே இல்லை. காற்று உமது பக்கமிருந்து 'டிக்' என்ற ஒலியைக் கொண்டுவந்து தந்தது. குதிரைகள் தலை தூக்கிப் பார்த்தன. அவை உம்மைப் பார்க்கவில்லை. உமக்கு முன்னால் எதையோ பார்த்தன.

நாம் நேரே தெற்கு நோக்கிப் போவதாகத்தான் எனக்குப் பட்டது. இரண்டு நல்ல கால் உள்ளவன் நான், சத்தியமாக அப்படித்தான் பட்டது. கடலின் இரைச்சல் கேட்டபோதுதான் தலை நிமிர்ந்தேன். மேற்குக் கரை.

நீர் நின்றீர். பிறகு தெளிவாக, சந்தோசமாக, "ஓம், வாறன்" என்றீர்.

ஓடிவந்து கையைப் பிடித்தேன். "ஆருக்குச் சொன்னீர்?"

"நீங்கள் கூப்பிட்டியள் எல்லே?"

"நான் பின்னால வந்தனான். கூப்பிடேல்லை."

"பின்னால இல்லை. முன்னால இருந்து கூப்பிட்டது." என் முகத்தை உற்றுப் பார்த்தீர். "ஒவ்வொரு நாளும் உங்கட குரல்தான் கூப்பிடுது. ஆனா இப்ப இருக்கிற குரல் இல்லை. வயது போகாத குரல்."

அப்போதுதான் அந்த இடத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. மணல் மூடிக் கிடந்த கற்கள் பழைய இறங்குதுறையின் கற்கள். வாடைக்காலத்தில் மாவலியில் வள்ளம் கட்ட ஏலாது. சுற்றிக்கொண்டு வந்து இங்கேதான் இறக்குவார்கள். பெரும்புயலுக்குப் பிறகு கரை உருமாறி, லோஞ்சியும் வந்து, ஊரே அந்த இடத்தை மறந்தது. பொங்கலுக்கு வரும் நான் இடுப்பளவு தண்ணீரில் குதித்து உமது பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். மற்றப் பெண்கள் வந்து சேரும் முன் நீர் கரையில் நிற்பீர். "ஓம், வாறன்" என்று சொல்லிக்கொண்டே ஓடிவருவீர். அப்போது உமக்கு இரண்டு காலும் நேர்.

அன்று மாலை தம்பிக்கு எழுதச் சொல்லிக் கேட்டேன், மற்றக் காலையும் செய்துவிடலாம் என்று. நீர் வேண்டாம் என்றீர்.

"ஏன்?"

"அதையும் நேராக்கினா எனக்கு அங்க போகத் தெரியாமப் போயிடும்."

கதிரையில் இருந்தபடி, கீரையை ஆய்ந்துகொண்டு, சாதாரணமாகச் சொன்னீர். எனக்குள் என்ன எரிந்தது என்று உமக்குத் தெரிந்திருக்காது. பொறாமை. கடலோரத்தில் நின்று என் மனைவியைக் கூப்பிடுகிறவன் வேறு யாராவதாக இருந்திருந்தால் தடியெடுத்துக்கொண்டு போயிருப்பேன். அவன் நானாக இருந்தான். என்னைவிட நல்ல குரல் அவனுக்கு. அந்தக் கிழமை முழுவதும் நான் உம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. என் தொண்டையிலிருந்து எந்தக் குரல் வரும் என்று பயமாக இருந்தது.

பிறகு ஒரு யோசனை வந்தது. அவன் இடத்தில் நானே போய் நிற்பது. அவன் கூப்பிடும் முன் நான் கூப்பிடுவது. உமது தங்கையை வீட்டுக்கு அழைத்து, உம்மோடு வெளியின் எல்லைவரை வந்து, அங்கிருந்து தனியே விடச் சொன்னேன். முன்கூட்டியே மேற்குக் கரைக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய கற்களடியில் தண்ணீரில் இறங்கி நின்றேன். வெயில் கண்ணைக் கூசியது. நீர் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தீர். நேரே என்னை நோக்கி வந்தீர். குரல் கேட்கும் தூரம் வந்ததும் உமது பெயரை, முன்பு கூப்பிட்டதுபோல, இழுத்துக் கூப்பிட்டேன்.

நீர் திரும்பவில்லை. நடை குறையவில்லை. கிட்ட வந்தீர். உமது முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் இளவயதில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் என் கால் அசையவில்லை. கை நீட்டினால் தொடலாம். என்னைத் தாண்டிப் போனீர். எனக்குப் பின்னால் வெறும் கடல். அதைப் பார்த்து, "ஓம்" என்றீர்.

தண்ணீர் உமது முழங்காலுக்கு ஏறியது. 'டிக்' என்ற ஒலி தண்ணீருக்கடியில் மாறிக் கேட்டது. நான் மறுபடி கூப்பிட்டேன். பெயர் சொல்லி அல்ல. "இஞ்சாரும், நான் இஞ்ச நிக்கிறன்!" என்று கத்தினேன். கிழட்டுக் குரல், நடுவில் உடைந்துவிட்டது.

நீர் நின்றீர். திரும்பினீர். என்னைப் பார்த்த பார்வையில் முதலில் ஆளைத் தெரியவில்லை. மாவலித் துறையில் நான் உம்மைப் பார்த்தது இப்படித்தான் இருந்திருக்கும். பிறகு உமது கண் மெல்ல வந்து என்மேல் இறங்கியது.

"நீங்கள் இஞ்சயோ நிண்டனீங்கள்?"

"ஓம்."

குனிந்து உம்மைச் சுற்றியிருந்த தண்ணீரைப் பார்த்தீர். ஒரு கையால் சேலையையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தீர். திரும்பிப் பார்க்கவில்லை. வெளியைப் பாதி கடந்த பிறகு வாய் திறந்தீர்.

"தம்பிக்கு எழுதுங்கோ அப்பா. மற்றக் காலையும் நேராக்கிப்போடட்டும்."

"அப்ப அந்தக் குரல்?"

"நீங்கள் நிக்கிறியள். அது போதும்."

அந்தச் சொல்லை நான் எத்தனையோ நாள் மனதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உமக்கு அது எளிதாக இருந்திருக்காது. இளைய என்னை விட்டுவிட்டு, நரைத்துப்போன, தொண்டை கட்டிய என்னை எடுத்துக்கொண்டீர்.

தம்பியும் ஆயத்தம் செய்தான். அடுத்த சோளகத்துக்குப் போவதாக இருந்தது. அதற்குள் பங்குனியில் உமக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இரண்டொரு நாளில் தணிந்தும்விட்டது. கஞ்சி கேட்டீர். பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போதே, நான் குசினியில் கஞ்சி ஆற்றிக்கொண்டு நின்றேன். அறைக்குள்ளிருந்து உமது குரல் கேட்டது, காய்ச்சல் இல்லாத, தெளிந்த குரல்.

"ஓம், வாறன்."

நான் கூப்பிடவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடிவந்தேன். கட்டிலில் எழுந்து இருந்தவள்போல் தலையணையில் சாய்ந்திருந்தீர். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன, எழுந்து நடக்க ஆயத்தமானது போல. உமது கை சூடாகத்தான் இருந்தது. நீர் இல்லை.

உமது தங்கை, அக்கா நோகாமல் போய்விட்டாள் என்று சொல்லி ஆறிக்கொண்டாள். எலும்பு வைத்தியர் செய்தி கேட்டு ஆள் அனுப்பி விசாரித்தார். மேற்குக் கரைக்கு நான் பிறகு போனதில்லை. பயமா என்று கேட்டால், ஓம், பயம்தான். அங்கே போய், ஒன்றும் கேட்காவிட்டால் என்ன செய்வது?

ஆனால் புல்வெளியை நாளாந்தம் கடக்கிறேன். தங்கை வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. தெரிந்தவர்கள் யாராவது கூட வந்தால், என் இடப்பக்கமாக வர விடுவதில்லை. மெதுவாக அவர்களை வலப்பக்கத்துக்கு மாற்றிவிடுவேன். இதே வாத்தியார் ஒருநாள் கேட்டார், "அண்ணை, ஏன் சரிஞ்சு நடக்கிறியள்? முழங்கால் நோகுதோ?" இல்லை என்றேன்.

மதில் விழுந்துவிடக்கூடாது, அவ்வளவுதான். அரை அடி பின்னால், இடது தோளைச் சற்று முன்னே கொடுத்து, அப்படித்தான் எனக்கு இப்போது நடக்க வருகிறது. பல நாட்கள் ஒன்றும் இல்லை, காற்று மட்டும் உரசிக்கொண்டு போகும். வாடை எழும்பும் நாட்களில் வெளியின் நடுவில் தோளில் பாரம் வந்து விழுகிறது. மனுசப் பாரம். மேற்கே இழுக்கிறது. நான் காலை ஊன்றி, பல்லைக் கடித்து, தாங்கிக்கொண்டு நேரே நடக்கிறேன். திரும்பிப் பார்ப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுமில்லை. உமது தங்கை வீட்டுப் படலையடிக்கு வந்த பிறகுதான் தோள் இலேசாகிறது.